அகன்றுகொண்டே போகும் மஃப்ளர், நழுவி ஓடும் கண்ணி: உல்லன் பின்னல் கேள்வி–பதில்

உல்லன் பின்னல் பற்றி வந்த கேள்விகளில், ஊசி பிடிக்கத் தொடங்கிச் சில மாதங்களே ஆனவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி. கண்ணி போடும் அடிப்படை முறைகள் இரண்டு: நூலைப் பின்னால் வைத்துப் போடுவது நிட், முன்னால் வைத்துப் போடுவது பர்ல். நிட் போட்ட கண்ணி, பார்க்கும் பக்கத்தில் ‘வி’ வடிவமாகத் தெரியும். பர்ல் போட்டது குறுக்கே ஒரு சிறு மேடாகத் தெரியும். இந்த இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்குப் பதில் உங்கள் கையிலுள்ள பின்னலிலேயே இருக்கும்.

30 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் போட்டு மஃப்ளர் பின்னுகிறேன். ஒரு சாண் வந்ததும் எண்ணினால் 37 இருக்கிறது. மேலே போகப்போக அகன்றுகொண்டே போகிறது. நான் எங்கேயும் கண்ணி கூட்டவில்லையே?
– வாசகி, கோத்தகிரி

தெரியாமல் கூட்டியிருக்கிறீர்கள். மூன்று வழிகளில் இது நடக்கும். எந்த வழியில் நடந்தது என்பதைப் பின்னலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கண்டுபிடித்துவிடலாம்.

ஓரங்கள் மட்டும் அகன்று, நடுவில் ஓட்டை எதுவும் இல்லையென்றால் தவறு வரிசையின் முதல் கண்ணியில். வரிசை முடிந்து திருப்பியதும், நூல் அந்த முதல் கண்ணியிலிருந்துதான் தொங்கும். அதை ஊசிக்கு மேலாக இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோனால், அடி வரிசையின் வளையமும் ஊசிமேல் ஏறிவிடும். ஒரே கண்ணியின் இரண்டு கால்களும், அதாவது வளையத்தின் இரு பக்க நூல்களும், இரண்டு கண்ணி மாதிரி நிற்கும். இரண்டிலும் தனித்தனியாக நிட் போட்டால் அந்த வரிசையில் ஒன்று கூடிவிடும். எனவே திருப்பியதும் நூலை முன்பக்கமாகக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். முதல் கண்ணி ஒற்றையாக நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு ஊசியை நுழையுங்கள்.

நடுவில் ஆங்காங்கே ஓட்டைகள் இருந்தால், நூல் முன்பக்கம் நின்றபோது நிட் போட்டிருக்கிறீர்கள். நூல் ஊசிமேல் தாண்டிப்போய் ஒரு வளையத்தை உண்டாக்கும். அடுத்த வரிசையில் அதையும் கண்ணி என்று எண்ணிப் பின்னியிருப்பீர்கள். நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் ரிப் பார்டரில், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் இது அடிக்கடி வரும். நிட்டுக்கு முன் நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே பின்னால் கொண்டுபோக வேண்டும், பர்லுக்கு முன் அதே வழியாக முன்னால் கொண்டுவர வேண்டும், ஊசிக்கு மேலாக அல்ல. இப்படி வந்த உபரி வளையத்தை அடுத்த வரிசையிலேயே கவனித்துவிட்டால், ஊசியிலிருந்து சும்மா தள்ளிவிட்டால் போதும். அந்தத் தளர்ச்சி அக்கம்பக்கத்துக் கண்ணிகளில் கரைந்துவிடும்.

மூன்றாவது, நூலின் இழை பிரிவது. நான்கு இழை நூலில் ஊசி முனை இரண்டு இழைகளை மட்டும் குத்தியெடுத்தால், மீதி இழைகள் ஊசியிலேயே தங்கி, மெலிந்த ஒரு கண்ணியாக நிற்கும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். முறுக்குத் தளர்ந்த நூலுக்கு முனை மிகக் கூரான ஊசி வேண்டாம்.

உங்கள் மஃப்ளர் ஒரு சாண்தான் வந்திருக்கிறது. பிரித்து மறுபடி தொடங்குவதே நல்லது. 7 கண்ணிகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்தால் எண்ணிக்கை சரியாகும், ஆனால் அகன்ற ஓரம் அப்படியே நிற்கும். புதிதாகத் தொடங்கும்போது பத்துக் கண்ணிக்கு ஒருமுறை ஊசியில் வேறு நிற நூலில் ஒரு சிறு வளையம் மாட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் அதை ஒரு ஊசியிலிருந்து மறு ஊசிக்கு நகர்த்தினால் போதும். எந்தப் பத்தில் பதினொன்று ஆனது என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும்.

ஒரு கண்ணி நழுவி ஆறு வரிசை கீழே ஓடிவிட்டது. ஏணி மாதிரி நிற்கிறது. மொத்தமும் பிரிக்க வேண்டுமா?
– வாசகி, ஏற்காடு

வேண்டாம். முதலில், ஓடியவரை போதும் என்று அதை நிறுத்துங்கள்: நழுவிய வளையத்தில் ஒரு ஊக்கைக் குத்திப் பூட்டிவிடுங்கள். பிறகு அந்த இடத்துக்கு நேர் மேலே வரும்வரை வரிசையைப் பின்னுங்கள்.

முனையில் கொக்கி உள்ள குரோஷா ஊசி ஒன்று தேவை. பின்னும் ஊசியைவிடச் சற்று மெல்லியதாக இருக்கட்டும். ‘வி’ தெரியும் பக்கத்தை உங்களை நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். நழுவிய வளையத்துக்குள் குரோஷா ஊசியை முன்னிருந்து பின்னாக நுழைத்து, அதற்கு நேர் மேலே உள்ள முதல் குறுக்கு நூலைக் கொக்கியில் மாட்டி, வளையத்தின் வழியாக முன்னே இழுங்கள். ஒரு வரிசை ஏறிவிட்டது. இப்படியே ஆறு முறை. கடைசி வளையத்தை இடது ஊசியில் மாட்டும்போது அதன் வலது கால் ஊசிக்கு முன்னால் இருக்க வேண்டும். இடது கால் முன்னால் நின்றால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

தொடங்குவதற்கு முன்பே குறுக்கு நூல்களை எண்ணிவிடுங்கள். ஆறு வரிசை ஓடியிருந்தால் ஆறு நூல்கள் இருக்க வேண்டும். வரிசை மாற்றி எடுத்தால் ஒன்று பின்னால் தொங்கிப்போகும். எல்லா வரிசையும் நிட் போட்ட பின்னலில், ஒரு குறுக்கு நூலை இந்தப் பக்கத்திலிருந்தும் அடுத்ததை மறுபக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வழவழப்பான ஒரு கோடு விழும். ரிப்பில் பர்ல் கோடு நழுவியிருந்தால் துணியைத் திருப்பிப் பிடியுங்கள். மறுபக்கத்தில் அது நிட்டாகத்தான் இருக்கும்.

இந்த முறை எடுபடாத ஒரு நிலைமை உண்டு. கண்ணி நழுவி ஓடாமல் அங்கேயே நின்றுவிட்டது, நீங்களும் கவனிக்காமல் மேலே முப்பது வரிசை பின்னிவிட்டீர்கள் என்றால், அதற்கு மேலே குறுக்கு நூலே இருக்காது. அக்கம்பக்கத்துக் கண்ணிகளிலிருந்து நூலைப் பிடுங்கி ஏற்றினால் அந்த இடம் சுருங்கி இழுத்துக்கொள்ளும். அப்போது பிரிக்கலாம், அல்லது அதே நூலில் ஒரு துண்டை எடுத்துப் பின்பக்கத்தில் அந்த வளையத்தைத் தைத்துப் பூட்டிவிடலாம். மஃப்ளருக்கு இரண்டாவது போதும் என்பது எங்கள் கருத்து.

வழுக்கும் அக்ரிலிக் நூலும் வழவழப்பான உலோக ஊசியும் சேர்ந்தால் நழுவல் அதிகம். முதல் வேலைக்கு மூங்கில் ஊசி கண்ணியைப் பிடித்துவைக்கும்.

இணையத்தில் எடுத்த அமெரிக்கக் குறிப்பில் 8-ஆம் எண் ஊசி என்று இருந்தது. கடையில் 8 கேட்டு வாங்கித்தான் பின்னினேன். ஸ்வெட்டர் என் மகனுக்கு ஏறவே இல்லை. நூல் சுருங்கிவிட்டதா?
– வாசகி, பெங்களூரு

நூல்மீது குற்றமில்லை. ஊசி எண்ணில்தான் சிக்கல். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் எண்தான் இருக்கும். அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும்: 12 என்றால் 2.75 மி.மீ., 10 என்றால் 3.25, 9 என்றால் 3.75, 8 என்றால் 4, 6 என்றால் 5. அமெரிக்க முறையில் எண் கூடினால் ஊசி பருக்கும். அங்கே 6 என்பது 4 மி.மீ., 8 என்பது 5 மி.மீ. இரண்டு முறையிலும் 7 மட்டும் 4.5 மி.மீ. என்று ஒத்துப்போகும். அதனால் எண்ணை விட்டுவிடுங்கள். குறிப்பிலும் கடையிலும் மி.மீ. அளவை மட்டும் பாருங்கள்.

ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குறிப்பு எழுதியவருக்கு 5 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்துக்கு 18 கண்ணி வந்தது என்று வையுங்கள். முதுகுப் பகுதி 50 செ.மீ. வேண்டும் என்பதால் 90 கண்ணி ஏற்றச் சொல்லியிருப்பார். 4 மி.மீ. ஊசியில் உங்களுக்கு 10 செ.மீ.க்கு 22 கண்ணி வந்திருந்தால், அதே 90 கண்ணி 41 செ.மீ.தான் வரும். முன்பக்கமும் சேர்த்துச் சுற்றளவு 100 செ.மீ.க்குப் பதில் 82. பையனுக்கு எப்படி ஏறும்?

மி.மீ. சரியாக இருந்தாலும் கை வேறு, இறுக்கம் வேறு. ஆகவே எந்த உடுப்புக்கும் முன்னால் மாதிரித் துண்டு ஒன்று பின்னியாக வேண்டும். இதைத் தாண்டிப்போவதுதான் புதியவர்கள் செய்வதிலேயே விலை அதிகமான தவறு. நூலும் உழைப்பும் சேர்ந்து போகும். 30 கண்ணி ஏற்றி, குறிப்பில் சொன்ன அதே பின்னலில் 15 செ.மீ. உயரம் பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே அதையும் துவைத்து, இழுக்காமல் பரப்பிக் காயவையுங்கள். கம்பளி நூல் துவைத்த பிறகு இளகி அளவு மாறும் என்பதால் இந்தப் படியை விடக்கூடாது. பிறகு ஓரங்களைத் தவிர்த்து நடுவில் 10 செ.மீ. குறித்து, அதற்குள் எத்தனை ‘வி’ என்று எண்ணுங்கள். அரைக் கண்ணி இருந்தால் அதையும் சேருங்கள். குறிப்பைவிட அதிகம் வந்தால் அரை மி.மீ. பெரிய ஊசி, குறைவாக வந்தால் அரை மி.மீ. சிறிய ஊசி, மறுபடி ஒரு துண்டு. கையை வேண்டுமென்றே இறுக்கியோ தளர்த்தியோ கணக்கைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். நாலு வரிசையில் கை பழைய வழக்கத்துக்கே போய்விடும்.

ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் போட்டு மஃப்ளர் முடித்தேன். இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழாய் மாதிரி ஆகிவிட்டது. நன்றாக இஸ்திரி போட்டால் சரியாகுமா?
– வாசகர், ஓசூர்

இஸ்திரிப் பெட்டியை அருகில் கொண்டுவராதீர்கள். சுருள்வது உங்கள் கைப்பிழையே அல்ல. அந்தப் பின்னலின் இயல்பு. வீட்டில் பழைய பனியன் ஒன்றை எடுத்து அடி மடிப்பை வெட்டிவிட்டு, வெட்டிய ஓரத்தை இழுத்துப் பாருங்கள், உடனே சுருளும். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று சொல்லும் பனியன் துணியும் நீங்கள் பின்னியதும் கட்டமைப்பில் ஒன்றேதான்: ஒரு முகத்தில் எல்லாம் நிட், மறுமுகத்தில் எல்லாம் பர்ல். இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589-இல் கையால் பின்னும் இதே கண்ணியை இயந்திரத்தில் போட வழி கண்டார். இன்றைய பனியன் இயந்திரங்கள் அந்த வழியில் வந்தவை.

சுருள்வதற்குக் காரணம், ஒவ்வொரு கண்ணியிலும் நூல் வளைந்து நிற்பது. கால்கள் முன்னாலும் தலை பின்னாலுமாக நிற்கும் அந்த நூல் நிமிரப் பார்க்கும். எல்லாக் கண்ணியும் ஒரே பக்கம் பார்ப்பதால் இழுப்பும் ஒரே பக்கம் சேர்கிறது. பக்க ஓரங்கள் பர்ல் முகத்தை நோக்கியும், மேல் கீழ் ஓரங்கள் நிட் முகத்தை நோக்கியும் சுருளும். இரண்டு முகத்திலும் நிட்டும் பர்லும் கலந்திருக்கும் பின்னலில் இழுப்புகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எல்லா வரிசையும் நிட், இரண்டுக்கு இரண்டு ரிப், மாஸ் மூன்றும் தட்டையாகக் கிடப்பது அதனால்தான். மஃப்ளருக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மாஸ் மிக எளிது: ஒற்றைப்படை எண்ணில் கண்ணி ஏற்றி, எல்லா வரிசையையும் நிட்டில் தொடங்கி ஒரு நிட் ஒரு பர்ல் என்று போனால் போதும். வழவழப்பான முகம்தான் வேண்டும் என்றால் இரு ஓரத்திலும் ஐந்தைந்து கண்ணியும், தொடக்கத்திலும் முடிவிலும் எட்டு வரிசையும் மாஸ் போடலாம். சுருளல் குறையும். முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முடித்ததை என்ன செய்வது? நூல் கம்பளி என்றால், வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுத்து, மெத்தையில் பரப்பித் துருப்பிடிக்காத குண்டூசிகளால் ஓரங்களைக் குத்திக் காயவிடுங்கள். கொஞ்ச நாள் தாங்கும். வெந்நீரில் போட்டுக் கசக்கிவிட்டால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். அதைத் திருப்ப வழியே கிடையாது. அக்ரிலிக் என்றால் சூடு பட்டதும் இழை இளகித் தொய்ந்து உயிரற்றுப்போகும். அதுவும் திரும்பாது. ‘உல்லன்’ என்று சொல்லிக் கடையில் தருவதில் பெரும்பகுதி அக்ரிலிக்தான், லேபிளைப் படித்துப் பாருங்கள்.

வரிசையின் நடுவில் வைத்துவிட்டுப் போய், திரும்பி வந்து எடுத்தால் எந்தப் பக்கம் பின்னுவது என்றே தெரியவில்லை. ஒரு இடத்தில் ஓட்டையும் விழுந்துவிட்டது.
– வாசகி, நுவரெலியா

நூல்கண்டு எந்த ஊசியிலிருந்து தொங்குகிறதோ அந்த ஊசி வலது கையில். மாற்றிப் பிடித்தால் வந்த வழியே திரும்பிப் போவீர்கள். திரும்பிய இடத்தில் ஓட்டையும், ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை அதிகமும் வரும். முடிந்தவரை வரிசையை முடித்துவிட்டே வையுங்கள்.

இரண்டாவது வரிசையிலேயே ஊசி கண்ணிக்குள் நுழைய மறுக்கிறது. தள்ளித் தள்ளி விரல் நுனி வலிக்கிறது. குழந்தைக்குப் பின்னிய ஸ்வெட்டரிலும் கழுத்து தலையில் நுழையவில்லை.
– வாசகி, கொடைக்கானல்

ஒரே பழக்கத்தால் வந்த இரண்டு விளைவுகள் இவை. கண்ணியின் அளவை முடிவுசெய்வது ஊசியின் தடித்த பகுதி. நீங்கள் கூம்பிய முனையிலேயே கண்ணியைப் போட்டு, போட்டதும் நூலைச் சுண்டி இழுக்கிறீர்கள். அப்போது 4 மி.மீ. ஊசியில் 3 மி.மீ. கண்ணிதான் உருவாகும், அதைத் தடித்த பகுதிக்குத் தள்ளும்போது இறுகிப்போகும். வலது ஊசியைக் கூம்பு தாண்டித் தடித்த பகுதிவரை நுழைத்து நூலைச் சுற்றுங்கள். கழற்றிய பின் இழுக்காதீர்கள். நூல் விரலிடுக்கில் ஓடிக்கொண்டிருந்தாலே தேவையான இறுக்கம் வந்துவிடும்.

கண்ணி ஏற்றும்போது இறுகுபவர்கள் ஒரு அளவு பெரிய ஊசியில் ஏற்றிவிட்டு, முதல் வரிசையில் சரியான ஊசிக்கு மாறலாம். ஏற்றுவதற்கு விடும் வால் நூல் பாதியில் தீர்ந்துபோகிறது என்று இன்னும் சிலர் கேட்டிருந்தார்கள்: ஊசியில் நூலைப் பத்துச் சுற்றுச் சுற்றி, அதைப் பிரித்து அளந்தால் பத்துக் கண்ணிக்கான நீளம். வேண்டிய அளவுக்குப் பெருக்கி, மேலே ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கழுத்தைக் கண்ணி முடிக்கும்போது, அதாவது கண்ணிகளை ஊசியிலிருந்து இறக்கி ஓரத்தை மூடும்போது, ரிப் பின்னிய ஊசியைவிட ஒரு மி.மீ. வரை பெரிய ஊசியை வலது கையில் எடுங்கள். ரிப்பின் மேல் முடிக்கும்போது எல்லாவற்றையும் நிட்டாகப் போடாமல், நிட் வந்த இடத்தில் நிட், பர்ல் வந்த இடத்தில் பர்ல் என்று போட்டுக்கொண்டே முடித்தால் ஓரம் ரிப்போடு சேர்ந்து விரியும். நூலை வெட்டுவதற்கு முன் குழந்தையின் தலையில் போட்டுப் பாருங்கள். இப்போது பின்னியதற்கும் இதுவே வைத்தியம். முடித்த அந்த ஒரு வரிசையை மட்டும் பிரித்து மறுபடி முடித்தால் போதும்.

பிரிப்பதற்கே பயமாக இருக்கிறது. பிரித்தால் எல்லாக் கண்ணியும் ஓடிவிடுகிறது, திரும்ப ஊசியில் ஏற்றினால் பின்னல் முறுக்கித் தெரிகிறது. நெளிந்துபோன நூலை மறுபடி பயன்படுத்தலாமா?
– வாசகி, டொராண்டோ

தவறு அதே வரிசையில் இருந்தால் ஊசியை உருவவே கூடாது. வலது ஊசியின் கடைசிக் கண்ணிக்கு நேர் கீழே உள்ள வளையத்தில் இடது ஊசியை முன்னிருந்து நுழைத்து, வலது ஊசியை வெளியே எடுத்து நூலை இழுங்கள். ஒரு கண்ணி பின்னோக்கிப் போனது. தவறு வரும்வரை இப்படியே போகலாம்.

பல வரிசை கீழே என்றால், முதலில் தவறுக்கு அடியில் உள்ள ஒரு நல்ல வரிசையைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய ஊசி ஒன்றை அந்த வரிசையில் உள்ள ஒவ்வொரு ‘வி’யின் வலது காலுக்கு அடியிலும் வரிசையாக நுழைத்து, எண்ணிக்கை சரிதானா என்று பாருங்கள். பிறகுதான் மேல் ஊசியை உருவிப் பிரிக்க வேண்டும். பிரிப்பு அந்த ஊசி வரை வந்து தானே நின்றுவிடும். வலது காலையே எடுத்திருப்பதால் கண்ணிகளும் முறுக்காமல் நிற்கும். ஊசி இல்லாமல் பிரித்து ஏற்றியபோது சில கண்ணிகள் திரும்பி நின்றிருந்தால், அவற்றை மட்டும் பின்பக்கக் காலில் நிட் போட்டால் நேராகிவிடும்.

சிக்கலான பின்னல் என்றால், பிரிக்கும்போது அங்கே வந்து நிற்கும்படி முன்கூட்டியே காவல் நூல் போட்டுவிடுங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை, முனை மழுங்கிய ஊசியில் வேறு நிற வழவழப்பான பருத்தி நூலைக் கோத்து, ஊசியில் இருக்கும் எல்லாக் கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட வேண்டும். நூல் பின்னலைவிட ஒரு முழம் அதிக நீளம் இருக்கட்டும், உருவிவராது.

பிரித்த நூலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் நெளிவோடு பின்னினால் கண்ணிகள் மேடுபள்ளமாக வரும், மாதிரித் துண்டின் கணக்கும் பொய்த்துப்போகும். நாற்காலி முதுகில் சுற்றிப் பெரிய வளையமாக, சிட்டமாக்கி, நான்கு இடத்தில் தளரக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள். கம்பளியில் நெளிவு முழுதும் போய்விடும். அக்ரிலிக்கில் கொஞ்சம் மிஞ்சும்.

நடுவில் நூல் தீர்ந்தால் முடிச்சுப் போடலாமா? புதிதாக வாங்கிய கண்டு ஒரே நிறம்தான், ஆனால் பின்னியதும் கோடு விழுந்து தெரிகிறது.
– வாசகி, குன்னூர்

முடிச்சு வேண்டாம். அது என்றைக்காவது முன்பக்கம் வந்து நிற்கும், அல்லது அவிழும். அகலத்தைப் போல நான்கு மடங்கு நூல் மிச்சமிருந்தால்தான் இன்னொரு வரிசையைத் தொடங்குங்கள். இல்லையென்றால் ஓரத்திலேயே 15 செ.மீ. வால் விட்டுப் புதுக் கண்டைச் சேர்த்துவிடுங்கள். வால்களைப் பிறகு பின்பக்கத்தில் ஒரு திசையில் 4 செ.மீ., திரும்ப எதிர்த்திசையில் 2 செ.மீ. ஓட்டி வெட்டினால் நழுவாது.

நிறக்கோடு விழுவது சாயத் தொகுதி மாறியதால், அதாவது இரண்டு கண்டுகளும் வெவ்வேறு தடவை சாயம் போட்டவை என்பதால். லேபிளில் நிற எண்ணோடு சாயத் தொகுதிக்கு இன்னொரு எண் இருக்கும்; எல்லாக் கண்டிலும் அதே நிற எண்ணும் அதே தொகுதி எண்ணும் இருக்கும்படி பார்த்து, தேவைக்கு மேல் ஒன்று சேர்த்து ஒரே நாளில் வாங்குங்கள். இப்போது கையில் இருப்பதை வைத்தே முடிக்க வேண்டும் என்றால், பழைய கண்டில் இரண்டு வரிசை, புதியதில் இரண்டு வரிசை என்று மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு வரிசை பின்னிவிட்டு முழுதாகப் புதியதற்கு மாறுங்கள். இதற்குப் பழைய கண்டில் கொஞ்சம் மீதி இருக்க வேண்டும். கோடு விழுந்த இடத்துக்குக் கீழே ஆறேழு வரிசை பிரித்தால் அது கிடைத்துவிடும்.